துப்பிக் கூப்பிட்ட பேர்

உங்களில் எத்தனை பேருக்குப் பூட்டப்பிள்ளை தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் போன கிழமை வந்தது. காலையில் படலையடியில் மீன்காரனிடம் சூடை வாங்கிக்கொண்டு நிற்கிறேன், கையில் இருந்த போன் கிணுகிணுத்தது. மெல்பேணிலிருந்து பேத்தி அனுப்பிய படம். கம்பளித் தொப்பிக்குள் ஒரு சிவந்த முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வந்த இடம் பிடிக்காததுபோல. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குக் கீழேயே அவள் பேசி அனுப்பியதும் வந்தது.

“அம்மம்மா, பேர் வைச்சாச்சு. மாரா. சின்னப் பேர், ஸ்வீட்டான பேர். இங்க எல்லாராலயும் சொல்ல ஏலும்.”

ஸ்வீட்டாம்! என் முகத்தைப் பார்த்த மீன்காரன், “என்னம்மா, ஆரும் செத்துப் போட்டினமோ?” என்று கேட்டான். இல்லையடா, ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன். அவன் நம்பாமல் இன்னும் இரண்டு மீனைச் சும்மா போட்டுவிட்டுப் போனான்.

வேறு பேர் பார்க்க ஏலாதா பிள்ளை என்று கேட்டேன். அவள் பதிலுக்கு ஓர் இணையப் பக்கத்தை அனுப்பினாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மாரா எபிரேயப் பேராம். பெண்பிள்ளைக்கு வைப்பதாம். பொருள் கசப்பாம். அதை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, வலிமை என்றும் சிலர் சொல்வார்கள் என்று பெரிய எழுத்தில் பூசி மெழுகியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சில ஊர்களில் மரியாவுக்குச் செல்லப்பேரும் இதுதானாம். இப்போது எல்லா நாட்டிலும் எடுபடுகிறதாம். ஒரு கோடு கீழேயிருந்து மேலே ஏறுகிறது, பக்கத்தில் நட்சத்திரங்கள். ஹோட்டலுக்குக் குடுக்கிறதுபோலப் பேருக்கும் நட்சத்திரம் குடுக்கிற காலத்துக்கு வந்துவிட்டோம்.

“ஏன் அம்மம்மா, மீனிங்கா? இப்ப ஆர் மீனிங் பாக்கினம்?” என்றாள் பேத்தி.

நாங்கள் பார்த்தோம். பார்த்து, அந்தப் பொருளுக்காகவே அந்தப் பேரைத் தேடிப் பிடித்து ஒரு பச்சைப்பிள்ளையின் தலையில் கட்டினோம். அந்தப் பிள்ளை இன்றைக்கும் சாம்பல்தீவில் இருக்கிறாள், என் தங்கச்சி, சின்னம்மாவின் மகள். பேத்திக்கு அவளை ‘சின்ன அம்மம்மா’ என்றுதான் தெரியும். நம் வீடுகளில் பெரியவர்களின் பேர் எந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது? ஆகவே பேத்தியில் குற்றமில்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. தேத்தண்ணீர் ஊற்றி வைத்து, அது பச்சைத் தண்ணீராக ஆறும்வரை அந்தக் கச்சான் காலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கச்சான் என்றால் கடலையை நினைக்காதீர்கள். திருகோணமலைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அது காற்று. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வரும். கொடியில் போட்ட சீலை தகரம்போல விறைக்கும். உதடு வெடிக்கும். துறைமுகம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் வெயில் தாங்காமல் வந்து எங்கள் மதில் நிழலில் படுத்துவிடும். எல்லாருக்கும் சள்ளையான காலம், பெரியவர்கள் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்.

உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரே வளவுக்குள் நாங்கள் மூன்று குடும்பம். பெரியம்மா, என் அம்மா, சின்னம்மா என்று மூன்று சகோதரிகளுக்கு மூன்று குசினி, ஒரு கிணறு. சித்தப்பா டொக்யார்ட்டில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர். வெள்ளைக்காரக் கடற்படை போய்க் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் ஊரெல்லாம் திரிந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பாரசூட் பட்டுத்துண்டு. சின்னம்மா அதில் ஞானஸ்நான உடுப்பு ஒன்று தைத்திருந்தாள். கையில் எடுத்தால் மீன் வழுக்குவதுபோல வழுக்கும், பூச்சிமருந்து உருண்டை மணக்கும். கழுத்தைச் சுற்றி அவளே பின்னின லேஸ்.

அந்த உடுப்பை இரண்டு பிள்ளைகள் போட்டார்கள். இரண்டும் இல்லை. முதலாவது ஞானஸ்நானம் எடுத்த கொஞ்ச நாளிலேயே வயிற்றோட்டத்தில் போனது. இரண்டாவதுக்குக் கீழ் முரசில் பல் வெள்ளை தெரிந்த கிழமை, அதே வயிற்றோட்டம். இரண்டுக்கும் அழகான பேர், வேதத்தில் தேடி எடுத்த பேர். தெருவால் போகிறவர்கள்கூட நின்று கூப்பிட்டுக் கொஞ்சுவார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்குத்தர், கிணற்றைப் பாருங்கள், தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடுங்கள் என்று சொன்னார். மூன்று சகோதரிகளுக்கும் அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. எங்கட கிணத்தையோ சொல்லுறா என்று அம்மா கேட்டதோடு அந்தக் கதை முடிந்தது.

பெரியம்மா வேறு காரணம் கண்டுபிடித்தாள். “வடிவான பேரை வைச்சு ஊரெல்லாம் கூப்பிட விட்டதுதான். கண்ணூறு.”

இத்தனைக்கும் பெரியம்மா ஞாயிறு பாடசாலைக்குத் தலைவி. கண்ணூறு, நாவூறு என்று மற்றவர்கள் சொன்னால் அஞ்ஞானம் என்று முகத்தைச் சுளிப்பாள். ஆனால் எதிர்வீட்டில் வேம்பு இருந்தாள். எதிர்வீட்டுச் சைவக்காரருக்கும் பிள்ளைகள் தங்கவில்லை. பிறகு பிறந்ததற்கு வேம்பு என்று பேர் வைத்து, குப்பையில் உருட்டி எடுத்தார்கள். கைக்கிற பேரைக் கேட்டால் எடுத்துக்கொண்டு போக வருகிறது திரும்பிப் போய்விடுமாம். வேம்பு கொழுகொழுவென்று எங்கள் வாசலில் தவழும். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சின்னம்மா மூன்றாவது முறை வயிற்றோடு இருந்தபோது ஒருநாள், பெரியம்மா வேதத்தைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்குள் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“எங்களிட்டையும் ஒரு கைப்புப் பேர் இருக்கு,” என்றாள்.

வேதத்தில் வருகிற ரூத்தின் மாமியார் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சம் பிழைக்கப் போன ஊரில் புருஷனையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் மண்ணுக்குக் குடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள். அவளுடைய பேருக்கு இனிமை என்று பொருள். ஊர்ப் பெண்கள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட, இனி அப்படிக் கூப்பிடாதேயுங்கள், மாரா என்று கூப்பிடுங்கள் என்கிறாள். மாரா என்றால் கசப்பு. இதைத்தான் பெரியம்மா கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாள். வேம்பு என்று வைத்தால் அஞ்ஞானம், மாரா என்று வைத்தால் வேதம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இதை நினைக்க எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் இருந்தாள். இரண்டைப் புதைத்தவளுக்கு எந்தக் கயிற்றையும் வேண்டாம் என்று சொல்லத் துணிவு வராது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பிள்ளை பிறந்தது. பெட்டை. அப்படி ஒரு வடிவு, நெற்றியில் சுருட்டை மயிரும் தாடையில் ஒரு குழியுமாக. வடிவு என்று நான் வாயைத் திறந்தேன், பெரியம்மா என் வாயைப் பொத்தினாள்.

பேர் மட்டும் போதாது, விற்கவும் வேண்டும் என்றார்கள். உங்களில் சிலர் தவிட்டுக்கு விற்ற பிள்ளைகளாகவே இருப்பீர்கள், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை அயல்வீட்டுக்காரிக்கு ஒரு கொத்துத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிறகு அது அவளுடைய பிள்ளை, பெற்றவள் சும்மா வளர்த்துக் குடுக்கிறாள். தேடி வருகிற கெட்டது வீடு மாறிப் போய்விடுமாம்.

வாங்க வந்தது பின்வீட்டு உம்மா. குறிஞ்சாக்கேணிக்காரி. அவருடைய மனுஷன் மூதூர் லாஞ்சி கட்டுகிற இறங்குதுறைக்குப் பக்கத்தில் கயிறும் வலையும் விற்கிற கடை வைத்திருந்தார், அவர் வந்தால் தார் மணம் முன்னால் வரும். உம்மாவுக்கு இந்த வழக்கங்களில் நம்பிக்கை கிடையாது. “எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். தவிட்டுல என்ன கிடக்கு?” என்று அம்மாவிடம் சொன்னார். ஆனாலும் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து வந்த புதுத் தவிட்டைக் கொத்து நிறைய அளந்துகொண்டு வந்தார். பிள்ளையைச் சுளகில் வைத்து நீட்டினார்கள்.

“இந்தாங்க தவிடு. இனி இது என்ட புள்ள,” என்றார் உம்மா. “பேர் என்ன?”

“மாரா,” என்று சொல்லிவிட்டு பெரியம்மா தலையைத் திருப்பி, தூ என்று துப்பினாள்.

உம்மா திடுக்கிட்டுப் போனார். “என்னத்துக்குத் துப்புறீங்க?”

அதுதான் பெரியம்மாவின் சட்டம். பேரைச் சொல்லலாம், ஆசையாகச் சொல்லக் கூடாது. சொன்னவுடன் ஒருதரம் துப்பவேண்டும். மாரா, தூ. மாராவுக்குப் பால் குடுத்தாச்சா, தூ. அம்மா துப்பினாள், சித்தப்பா துப்பினார், நானும் துப்பினேன். கச்சான் காற்றில் வாய் காய்ந்து துப்பலே வராது. வெறும் சத்தம்தான் வரும். அந்தப் பிள்ளை தன் பேரின் கடைசியில் ஒரு தூ இருக்கிறது என்றே நினைத்திருக்கும்.

டொக்யார்ட்டில் சித்தப்பாவுக்கு மேலே இருந்த போர்மன் சிங்கள மனுஷன், நல்லவர். பிள்ளையின் பேரைக் கேட்டுவிட்டு, எங்கள் ஆட்கள் சாவுக்கு அதிபதியை அப்படித்தான் சொல்லுவார்கள், மாற்றிவிடுங்கள் என்றாராம். சித்தப்பா கலங்கிப்போய் வந்து சொன்னார். பெரியம்மா கைதட்டாத குறை. யமன் தன்னுடைய பேர்க்காரியைத் தொடுவானோ என்று கேட்டாள். இப்படிப்பட்டவளோடு என்ன கதை கதைக்கிறது?

சின்னம்மாதான் பாவம். பிள்ளையைக் கொஞ்சக் கூடாது, தாலாட்டக் கூடாது, ஆட்கள் முன்னால் மடியில் நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. ஆனால் நான் ஒன்றைக் கண்டேன். மத்தியானம் டொக்யார்ட் சங்கு ஊதினால் பெரியம்மா சாப்பிட்டுவிட்டுச் சரிவாள். அந்த நேரம் சின்னம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். கொடியில் சீலைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் நின்று பிள்ளையின் காதுக்குள் வாயை வைத்து என்னவோ சொல்லுவாள். பிள்ளை கையைக் காலை உதறிச் சிரிக்கும். ஒவ்வொரு நாளும் நடந்தது. ஒருநாள் என்னைக் கண்டுவிட்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சின்னம்மா பிள்ளைக்கு வேறொரு நல்ல பேர் வைத்திருக்கிறாள், அதை யாருக்கும் கேட்காமல் சொல்லுகிறாள் என்று முடிவு கட்டினேன். என்ன பேராக இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பாடத்தில் கோட்டைவிட்டேன்.

அடுத்த சண்டை போதகரோடு. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் மனுஷன், மெல்லிய குரல். தவிட்டுக் கதை எப்படியோ அவர் காதுக்குப் போய், ஞானஸ்நானத்துக்கு முதல் வீட்டுக்கு வந்துவிட்டார். விறாந்தையில் கதிரை போட்டு, பிளேன்டீ குடுத்தோம்.

“அம்மா, தவிட்டை விடுவம். கசப்பு எண்டு ஒரு குழந்தைக்கு நான் எப்பிடிப் பேர் குடுக்கிறது?”

“வேதத்தில இருக்கிற பேர்தானே, ஐயா. அந்த மனுசியே கேட்டு வாங்கின பேர்.”

“அவ துக்கத்தில சொன்ன கதை அது. ஊர் அப்பிடிக் கூப்பிடவே இல்லை. அதுக்குப் பிறகும் கடைசி மட்டும் வேதம் அவவைப் பழைய பேராலதான் சொல்லுது. வாசிச்சுப் பாருங்கோ.”

பெரியம்மா அசரவில்லை. “அப்ப அந்தப் பேரை இன்னும் ஆரும் பாவிக்கேல்லை. எங்கட பிள்ளைக்கு இருக்கட்டும்.”

போதகர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, மரியாள் என்றாவது வையுங்கள், அதன் வேரிலும் கசப்பு இருக்கிறது என்று சில படித்தவர்கள் சொல்லுகிறார்கள் என்றார். மோசேயின் தமக்கைக்கு அதே பேர், கர்த்தரின் தாய்க்கு அதே பேர், மாதா கோயில் பக்கம் வீட்டுக்கு ஒரு மேரி, முஸ்லிம் ஆட்களிடம் மர்யம், உலகம் முழுக்க விரும்பி வைக்கிற பேர் என்று விளக்கம் சொன்னார். பாவம், சமாதானத்துக்குச் சொன்னார். அதுவே வினையாகப் போய்விட்டது. உலகம் முழுக்க விரும்புகிற பேரோ, அப்படியென்றால் வேண்டவே வேண்டாம் என்றாள் பெரியம்மா.

அவர் சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். “தாய் நீங்கள் சொல்லுங்கோ.”

சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பிள்ளை இருந்தாக் காணும், ஐயா,” என்றாள். போதகர், பிள்ளை வளர்ந்து சபையில் திடப்படுத்தல் எடுக்கும்போது ஒரு நல்ல பேர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

ஞானஸ்நானத்தன்று பாரசூட் பட்டு உடுப்பை அலுமாரியிலிருந்து சின்னம்மா எடுத்தாள். பெரியம்மா பறித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். பழைய தலையணை உறையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டுக்கொண்டு போனோம். வேண்டாத பிள்ளை மாதிரித் தெரியவேண்டுமாம். போதகர் தண்ணீரைத் தெளித்துப் பேரைச் சொன்னார். முன்வரிசை வாங்கிலிருந்து மெல்ல, தூ என்று ஒரு சத்தம் வந்தது. கோயிலுக்குள்! போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியில் படலையடியில் குடையோடு உம்மா நின்றார். தன் பிள்ளைக்கு விசேஷம் என்று வந்திருந்தார். தலையணை உறையைக் கண்டார், முகம் கறுத்துவிட்டது.

“என்ட புள்ளைக்கு உடுப்பும் இல்லையா?”

“அது வந்து...” என்று பெரியம்மா இழுத்தாள்.

“நான் தவிடு தந்து வாங்கின புள்ள. உங்கட சட்டப்படியே எனக்குத்தான் உரிமை. கொண்டாங்க இங்க.”

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் நாங்கள் போய்ப் பார்த்தால் பிள்ளை குளித்து, பவுடர் பூசி, பச்சை சாட்டின் சட்டையோடு பாயில் கிடக்கிறது. அடுப்பில் ஒரு கேத்தல். அன்றிலிருந்து பிள்ளைக்குக் குடிக்கிற தண்ணீர் உம்மா வீட்டிலிருந்துதான் வந்தது, கொதித்து ஆறின தண்ணீர், போத்தலில். டாக்குத்தர் சொன்ன கதையை அம்மா எப்போதோ வேலியடியில் சொல்லிச் சிரித்திருக்கிறாள், உம்மா சிரிக்காமல் கேட்டுவைத்திருக்கிறார். உங்கட கிணறு எனக்கு வேணாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். உரிமைக்காரி சொன்னதைத் தட்ட ஏலுமா? பிள்ளை தங்கியது. எல்லாப் புகழும் பேருக்குப் போனது.

நான் சொல்ல வந்த ஆத்திரம் இனித்தான் வருகிறது. எதிர்வீட்டு வேம்பைப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுன் கோயிலுக்குக் கூட்டிப்போய், பொங்கி, வேம்பை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, நல்ல பேரோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தெரியும், அது ஆபத்துக்குக் கட்டின கறுப்புக் கயிறு, ஆபத்துப் போனால் அறுத்துவிட வேண்டும் என்று. எங்கள் ஆட்கள் அந்தக் கயிற்றைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கடவுளுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து வைத்த பேரை எப்படி எடுக்கிறது? எடுத்தால் பாவம். எடுத்தபிறகு பிள்ளைக்கு ஏதும் வந்தால் அதைவிடப் பாவம். ஒரு வயது தாண்டட்டும் என்றார்கள். அம்மை போட்டது, அது மாறட்டும் என்றார்கள். திடப்படுத்தலுக்குள் அந்தப் போதகர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்கு வாக்குறுதியெல்லாம் தெரியாது. பெரியபிள்ளையாகட்டும், கலியாணம் முடியட்டும், பிள்ளைப்பேறு நல்லபடி நடக்கட்டும். பெரியம்மா சாகும்வரைக்கும் ஏதோ ஒன்று தாண்டவேண்டியிருந்தது.

தங்கச்சி மிட்வைஃபாகப் படித்து இந்தப் பகுதி முழுக்க வேலை செய்தாள். இறக்கக்கண்டி வரைக்கும் சைக்கிளில் போவாள். ஊர் அவளை மிஸ்ஸி என்றது. வீட்டில் தங்கச்சி, பிறகு அம்மா, பிறகு அம்மம்மா. அந்தப் பேரைச் சொல்லவேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை, துப்புகிற வேலையும் மிச்சம். நான் மட்டும் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நல்ல பேர் என்ன? சின்னம்மா யாருக்கும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். பட்டு உடுப்பும் எங்கே போனதோ தெரியாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன நேரம் அலுமாரியோடு போயிருக்கும்.

இவ்வளவும் மனத்தில் கிடக்கத்தான் போன கிழமை பேத்தி ஸ்வீட்டான பேர் என்றாள். நான் ஓட்டோ பிடித்துச் சாம்பல்தீவுக்குப் போனேன். தங்கச்சி சொன்னால் பேத்தி கேட்பாள், இந்தப் பேரோடு வாழ்ந்தவள் சொல்லட்டும் என்பது என் எண்ணம்.

அவள் விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுடைய கை நின்றது.

“என்ட பேரோ? உண்மையாவோ, அக்கா?”

“உன்ர பேர் எண்டு அவளுக்குத் தெரியாது. இன்டர்நெட்டில எடுத்தவளாம். இப்ப அதுதான் பாஷனாம். நீ சொல்லு, வேண்டாம் எண்டு சொல்லு.”

“எத்தினை பிள்ளையளுக்குப் பேர் போட்டுக் கார்ட் எழுதினனான்,” என்றாள் தங்கச்சி. “ஒரு நேரம் எங்க பாத்தாலும் மேரி. பிறகு படத்தில வாற பேரெல்லாம். கிண்ணியாப் பக்கம் எந்தக் காலமும் மர்யம். ஒருநாளாவது ஆராவது என்ட பேரை வைப்பினமோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒருதரும் வைக்கேல்லை.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “பைத்தியமோடி உனக்கு? அது ஒரு பேரோ? உன்னைப் பெத்தவளே அதைச் சொல்ல விருப்பமில்லாம வேற பேர் வைச்சிருந்தவ. கிணத்தடியில உன்ர காதில சொல்லுறதை நான் கண்டனான். அந்தப் பேரையும் உனக்குச் சொல்லாமப் போட்டா.”

தங்கச்சி என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், மடியில் இருந்த இலையெல்லாம் சிந்தியது.

“சொன்னவ, அக்கா. படுக்கையில கிடக்கேக்க நான் கேட்டனான். நீங்கள் சின்னனில சொன்ன கதையை வைச்சுத்தான் கேட்டனான். என்ன பேரம்மா எனக்கு வைச்சிருந்தனீங்கள் எண்டு.”

“என்னவாம்?”

“மாராவாம்.”

எனக்கு விளங்கவில்லை.

“வேற பேர் இல்லை, அக்கா. அதே பேர்தான். எல்லாரும் துப்பித் துப்பிக் கூப்பிடுகினம், ஒரு ஆளாவது இந்தப் பிள்ளையைத் துப்பாமக் கூப்பிட வேண்டாமோ எண்டு கிணத்தடிக்குக் கொண்டுபோறவவாம். சீலைக்குப் பின்னால நிண்டு, மாரா, மாரா எண்டு சும்மா கூப்பிடுறதாம்.”

அறுபது வருஷத்துக்கு மேலாக நான் தேடிக்கொண்டிருந்த பேர். எனக்குக் கோபம் வந்தது. “இதை ஏனடி இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே. அந்தச் சின்ன வயசுக்குப் பிறகு நீங்கள் என்ட பேரைப் பற்றிக் கதைக்கவே மாட்டியள்.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேத்தி, வீடியோவில். பிள்ளை விழித்துக்கொண்டிருந்தது, தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். தாடையில் ஒரு குழி. தங்கச்சி போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

“என்ன வடிவு!” என்றாள் உரத்து. எங்கள் பழைய வளவில் அவளைப் பார்த்து யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். “மாரா. எங்கட மாரா. இங்க பாருங்கோ, மாரா.”

என் தலை தானாகத் திரும்பியது. வாய் குவிந்துவிட்டது. தங்கச்சி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“துப்பாதேயுங்கோ, அக்கா.”

வாயில் சேர்ந்ததை விழுங்கினேன். விழுங்கிவிட்டு, நானும் கூப்பிட்டேன்.